வாரேன் என்றால் வரவேண்டிய ஊர்

1

இந்த ஊரில் 'வாரேன்' என்று சொன்னால் வந்தாக வேண்டும். பதினான்கு வருஷம் இங்கிலாந்தில் குப்பை கொட்டிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது. உறைக்க வைத்தது ஒரு கால்பந்துக் கோப்பை.

நேற்று திங்கட்கிழமை, டிசம்பர் மாதம். நான் வேலை பார்க்கும் துறைமுகக் குளிர்கிடங்கில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரேடியோவில் கோப்பையின் அடுத்த சுற்றுக்குக் குலுக்கல் நடந்தது. ஒரு பைக்குள் நம்பர் போட்ட உருண்டைகளைப் போட்டு, இரண்டு பெரிய மனிதர்கள் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். உருண்டைகள் இடித்துக்கொள்கிற சத்தம்கூட ரேடியோவில் கேட்கும். எந்த நம்பர் முதலில் வருகிறதோ அந்த ஊரில் ஆட்டம். தோற்றவன் அந்த வருஷத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். பெரிய நகரத்துக் கோடீசுவர கிளப்பும், மீன்வாடை அடிக்கும் எங்கள் துறைமுக ஊரின் பஞ்சப்பாட்டு கிளப்பும் எதிரெதிரே நிற்கக்கூடிய ஒரே போட்டி இது. அதனால் இந்தப் பருவம் வந்துவிட்டால் இங்கே எல்லாருக்கும் கோயில் கொடைத் திருவிழா வந்த மாதிரி இருக்கும்.

இந்தத் தடவையும் எங்களுக்குப் பெரிய கிளப்பே விழுந்தது. மேஜையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். கூச்சல் அடங்கியதும் ஒருத்தர் பாக்கியில்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் மேஸ்திரி ஆர்தர் மட்டும் பார்க்கவில்லை. அவர் தன் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

ஏன் பார்த்தார்கள் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இங்கே யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. சொன்னால் புரிகிறவர்கள் எல்லாரும் தூத்துக்குடிப் பக்கம் இருக்கிறீர்கள்.

2

இந்த 1974ஆம் வருஷம் பிறந்தபோது இந்த நாட்டில் கரண்டு இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் தகராறு. தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் மூன்றே நாள் வேலை, கடைகளில் மெழுகுவர்த்தி. என் மனைவி செல்லக்கனி முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இதுக்காங்க கப்பலேறி வந்தோம்? நம்ம ஊர்ல இருந்திருந்தா வேர்க்கவாவது செஞ்சிருக்கும்" என்றாள்.

அந்த இருட்டிலும் கோப்பை நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை பெரிய நகரத்து கிளப்போடு எங்கள் ஊர் மைதானத்தில் நடந்த ஆட்டம் ஆளுக்கு ஒரு கோலில் முடிந்தது. இந்தக் கோப்பையில் சமமாக முடிந்தால் மறுபடியும் ஆட வேண்டும், அதுவும் எதிராளியின் ஊரில் போய். மைதான விளக்குகளைப் போடக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டதால், புதன்கிழமை பட்டப்பகலில் ஆட்டம் என்று அறிவித்தார்கள்.

என் மகள் முத்துலட்சுமிக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் அவ்வளவு நீளப் பெயரைக் கூப்பிட நாக்கு வளையாமல் 'லக்கி' என்று ஆக்கிவிட்டார்கள். எங்கள் கிளப்பின் பதினோரு பேரின் பெயரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். தமிழில் அ, ஆ எழுதச் சொன்னால் மூன்றாவது எழுத்தில் நின்றுவிடுவாள். ஒரே ஒரு கோப்பை ஆட்டத்தையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக என்னை அரித்துக்கொண்டிருந்தாள். "பார்க்கலாம்" என்று சொல்லி வந்தேன். எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை வேலை முடிந்து கிளம்பும் நேரம். கிடங்கின் குளிர்யந்திரம் இரைந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஆர்தர் ஏதோ உரக்கச் சொன்னார். புதன்கிழமை, பத்து மணி, லக்கி என்று மூன்று சொற்கள் காதில் விழுந்தன. என் சட்டைப்பையில் பாஸ்போர்ட் ஆபீஸ் கடிதம் இருந்தது, மனசு முழுக்க அதில் இருந்தது. ஆர்தர் ஏதோ விசாரிக்கிறார் என்று நினைத்துத் தலையை ஆட்டினேன். பையைத் தூக்கிக்கொண்டு, "சரி ஆர்தர், வாரேன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இந்த வியாதி எனக்குப் பழையது. வந்த புதிதில், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்கார அம்மாளிடம் "நான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். பாவம், அவள் உடனே திரும்புகிறேன் என்று நினைத்துத் தேநீர் போட்டு வாசலைத் திறந்து வைத்துக் காத்திருந்தாளாம். அன்றைக்கே நாக்கைக் கடித்துத் திருத்திக்கொண்டேன். ஆனால் அவசரத்தில் வாய் இங்கிலீஷ் பேசினாலும் புத்தி தூத்துக்குடியில்தான் நிற்கிறது.

3

நம் கரையில் தோணியேறுகிறவன் 'போறேன்' என்று சொல்லமாட்டான். 'எங்கே போகிறாய்' என்று அவனை யாரும் கேட்கவும் மாட்டார்கள். 'வாரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் கயிற்றை அவிழ்ப்பான். உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதிப் பார்த்தால்தான் எனக்கு விளங்குகிறது.

கப்பல் ஏஜெண்டு கிடங்கில் நான் குமாஸ்தாவாக இருந்த காலம். எங்கள் துறைமுக அணியில் பாதிப் பேர் குமாஸ்தாக்கள், பாதிப் பேர் தோணிக்காரர்கள். கடற்கரை மைதானத்தில் வெறுங்காலோடு ஆடுவோம். நான் கோல்கீப்பர். முன்னால் நின்று கோல் போடுகிறவன் சவரிமுத்து, கொழும்புத் தோணியில் வேலை. அவன் ஒருத்தன் இருந்தால் மற்ற பத்துப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம்.

அங்கேயும் தோற்றவன் வெளியே போகிற கோப்பைதான். ஒரு வருஷம் அரையிறுதி வரை வந்துவிட்டோம், எதிரே மில் அணி. சவரிமுத்து கூரை ஓடும் வெங்காயமும் ஏற்றிய பாய்மரத் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தான். வியாழக்கிழமை திரும்ப வேண்டியவன். காற்று விழுந்துவிட்டது. சனிக்கிழமை நாலு மணிக்கு மைதானத்தில் பத்துப் பேர் நின்றோம். நடுவர் ஒரு டிரில் மாஸ்டர். கையில் பட்டியலை வைத்துக்கொண்டு எங்கள் கேப்டனிடம் கேட்டார்.

"பதினோராவது ஆள் எங்கே?"

"சவரிமுத்து. வாரான் சார்."

"எப்போ?"

"வாரான் சார்."

"அவன் பேரை அடிச்சிட்டு, அந்தா நிக்கானே, அந்தப் பையன் பேரைப் போடு."

கேப்டனுக்கு முகம் மாறிவிட்டது. "கடல்ல இருக்கவன் பேர அடிக்கப்படாது சார்" என்றான். எங்கள் பக்கம் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. அதைவிட வேடிக்கை, மில் அணிக்காரர்களும் "அதுஞ்செரிதான், கொஞ்சம் நிப்போம்" என்று மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். அரைமணி நேரம் எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாய் எதுவும் தெரியவில்லை. வெளிச்சம் போய்விடும் என்று பத்துப் பேரோடு ஆடினோம். பட்டியலில் பதினோரு பேர் இருந்தார்கள்.

நாலு கோல் வாங்கினேன். இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் கிடையாது. கரையில் நின்ற அந்தப் பையனை இறக்கியிருந்தால் இரண்டையாவது தடுத்திருக்கலாம் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். கேப்டன் மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம். செவ்வாய்க்கிழமை சவரிமுத்து வந்து இறங்கினான். நான் வாயைத் திறப்பதற்குள் கேப்டன் முந்திக்கொண்டான். "ஏலே, வந்துட்டாம்லா, அது போதும். கோப்ப அடுத்த வருசமும் இருக்கும்."

நம் 'வாரேனு'க்கு நாளும் கிடையாது, நேரமும் கிடையாது. உயிரோடு வந்தால் சரி. அந்தச் சொல்லைத்தான் நான் சுமந்துகொண்டு வந்து, பத்து மணி என்றால் பத்து மணி என்று இருக்கிற ஒரு மனிதரிடம் நீட்டியிருக்கிறேன்.

4

பாஸ்போர்ட் கதையையும் சொல்லிவிடுகிறேன். மகளைக் கோடை லீவில் ஊருக்குக் கூட்டிவந்து காட்டவேண்டும் என்று அவளுக்குப் பாஸ்போர்ட் கேட்டிருந்தேன். என் அப்பா பெருமாள், நான் பெ. சண்முகவேல். ஆகவே என் பாஸ்போர்ட்டில் பெருமாள் சண்முகவேல். மகள் ச. முத்துலட்சுமி. ஆகவே அவள் பிறப்புச் சான்றிதழில் சண்முகவேல் முத்துலட்சுமி. கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்பது இந்த நாட்டு வேதம். 'உங்கள் குடும்பப் பெயர் சண்முகவேல். இந்தப் பெண்ணின் குடும்பப் பெயர் முத்துலட்சுமி. இவள் உங்களுக்கு என்ன உறவு?' என்று கடிதம் போட்டார்கள். இனிஷியலைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். அதே கேள்வி திரும்பி வந்தது. கடைசியில், மகளோடு நேரில் வரச் சொல்லி நாள் கொடுத்தார்கள். நாலு மாதம் நச்சரித்துக் கிடைத்த நாள். அந்தப் புதன்கிழமை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகளிடம், "நாளைக்கு உனக்குப் பள்ளிக்கூடத்துல லீவு சொல்லியாச்சு. பத்து மணிக்குக் கிளம்பணும்" என்றேன்.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "தெரியும்ப்பா, ஜூலி சொல்லிட்டா. நீங்க சர்ப்ரைஸ்னு வெச்சிருப்பீங்கன்னு கேட்கல" என்றாள். ஜூலி ஆர்தரின் மகள், இவளோடு ஒரே வகுப்பு. பாஸ்போர்ட் சமாச்சாரம் ஜூலிக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஊருக்குப் போக என் பிள்ளைக்கு இவ்வளவு ஆசையா என்று நெஞ்சு நிறைந்துபோய், அன்றைக்கே ஊரில் இருக்கும் அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். 'என் மகள் தூத்துக்குடி என்றாலே துள்ளுகிறாள்' என்று எழுதித் தபாலில் போட்டும்விட்டேன். அந்தக் கடிதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

மறுநாள் காலை, எங்கள் கிளப்பின் நிறத்தில் ஜூலி பின்னிக் கொடுத்த மஞ்சள் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். செல்லக்கனி, "ஏளா, ஆபீசுக்குப் போறதுக்கு இதென்ன வேசம்?" என்று கேட்டாள். பிள்ளை வாசலில் இறங்கிவிட்டதால் அது அவள் காதில் விழவில்லை. தெருமுனையில் நான் ஸ்டேஷனைப் பார்த்து வலது பக்கம் திரும்பினேன். அவள் துறைமுகத்தைப் பார்த்து இடது பக்கம் திரும்பினாள்.

"அப்பா, கேட் இந்தப் பக்கம்."

"எந்தக் கேட்?"

"பஸ் நிக்கிற கேட். மேட்ச்சுக்கு."

"என்ன மேட்ச்? பாஸ்போர்ட் ஆபீசுக்குல்லா போறோம்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை. "நீங்க ஆர்தர்கிட்ட வாரேன்னு சொன்னீங்கப்பா" என்றாள். "நான் எங்கே சொன்..." என்று ஆரம்பித்தேன். பாதியில் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது: குளிர்யந்திரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஆர்தர் சொன்னது, கிடங்கு ஆட்கள் ஆட்டத்துக்குப் போகிற பஸ்ஸைப் பற்றி.

ரயிலுக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. துறைமுகம் ஸ்டேஷனுக்கு நேர் எதிர்த்திசை. வீட்டில் டெலிபோன் கிடையாது. நாலு மாதம் கழித்துக் கிடைத்த நாளை விட்டால் கோடையில் ஊர்ப் பயணம் போச்சு. "பஸ் நமக்காக நிக்கும்ப்பா" என்றாள். "நிக்காது, வெள்ளைக்காரன் பஸ். பத்து அடிச்சா போயிரும்" என்று அவள் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனேன். போகிற வழியில் மஃப்ளரைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆபீசில் ஒரு காஸ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு பெண் வந்து, கரண்டு சிக்கனத்துக்காக அந்தப் பிரிவுக்குப் புதன்கிழமை விடுமுறை விட்டிருப்பதாகவும், வேறு தேதி தபாலில் வரும் என்றும் மிக மரியாதையாகச் சொன்னாள். வாய்க்கு வாய் மன்னிப்புக் கேட்டாள். இந்த ஊரில் மன்னிப்பு மட்டும் எந்தக் காலத்திலும் தட்டுப்பாடு இல்லை.

5

பஸ் நின்றிருக்கிறது. ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷம் அல்ல, இருபத்தைந்து நிமிஷம்.

வியாழக்கிழமை கிடங்கில் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பத்து மணிக்கு டிரைவர் கிளம்பலாம் என்றிருக்கிறார். ஆர்தர் விடவில்லை. 'பதினான்கு வருஷத்தில் ஒரு நாள் தாமதமாக வராத மனிதன். வருவேன் என்று என்னிடம் சொன்னான், வருவான்' என்று பஸ்ஸின் படியில் நின்றாராம். அந்த இருபத்தைந்து நிமிஷத்தால் வழியில் நெரிசலில் மாட்டி, அவர்கள் போய் இறங்கும்போது ஆட்டம் தொடங்கி நாலு நிமிஷம். மைதானத்துக்கு வெளியே சுவரோரம் ஓடிக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு சத்தம் கேட்டதாம். சின்னச் சத்தம். பெரிய சத்தம் என்றால் அந்த ஊர் கோல் போட்டிருக்கும். சின்னச் சத்தமாக இருந்ததால்தான் நம் ஆள் போட்டுவிட்டான் என்று தெரிந்ததாம். அந்தப் பெரிய மைதானத்தில் எங்கள் ஊர் கிளப் போட்ட ஒரே கோல். எங்கள் கிடங்கில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. பிறகு இரண்டு வாங்கித் தோற்றதை மட்டும் எல்லாரும் ஆற அமரப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஆர்தர் என்னிடம் கோபப்படவில்லை. கிழிக்காத இரண்டு டிக்கெட்டை என் கையில் வைத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். எங்கள் ஊரில் விடைபெறும்போது அப்படித்தான் சொல்வோம் என்றேன். அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்.

"அப்போ நிஜமாகவே வரப்போகிறாய் என்றால் என்ன சொல்வாய்?"

"வாரேன்."

"வராமல் போகிறதுக்கு?"

"அதுக்கும் வாரேன்தான்."

"இரண்டுக்கும் ஒன்றேயா? எது எது என்று நீங்கள் எல்லாரும் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?"

"வந்தால் தெரியும்" என்றேன்.

ஆர்தர் கையுறையை மாட்டிக்கொண்டார். "அது வரைக்கும் காத்திருக்கிறவன் என்ன செய்வான்?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

6

மகள் என்னோடு சண்டை எதுவும் போடவில்லை. ஆட்டம் என்ற பேச்சையே என்னிடம் விட்டுவிட்டாள். தமிழும் குறைந்துபோயிற்று. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வருகிறது. பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து அதற்குப் பிறகு இரண்டு தேதி வந்து, இரண்டும் தள்ளிப்போய், போன மாதம் ஒரு கடிதம். இவள் உங்களுக்கு என்ன உறவு என்று மறுபடி முதலிலிருந்து கேட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை எனக்கே பதில் எழுதத் தயக்கமாக இருக்கிறது.

போன வாரம் சவரிமுத்துவின் கடிதம் வந்தது. இப்போது அவன் தோணிக்குத் தண்டல், கப்பலுக்குக் கேப்டன் மாதிரி. பழைய ஆட்டக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கூடி ஆடுகிறார்களாம். 'ஏலே சம்முவம், கோல்ல இப்ப வேற ஆள் நிக்கான். ஆனா லிஸ்ட்ல உன் பேருதான் கெடக்கு. கடல் தாண்டிப் போனவன் பேர அடிக்கப்படாதுல்லா. நீ வாரேன்னுதானல சொல்லிட்டுப் போன' என்று எழுதியிருந்தான்.

நேற்றுச் சாயங்காலம் அதை மேஜையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். மகள் மஞ்சள் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஜூலி வீட்டுக்குக் கிளம்பினாள். இந்தத் தடவை அந்தப் பெரிய ஆட்டத்துக்கு ஆர்தர் குடும்பத்தோடு போகப் பேசி வைத்திருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை, அம்மாவைக் கேட்டிருக்கிறாள். வாசலில் நின்று, "போறேன்" என்றாள். அபூர்வமாக வந்த தமிழ், அதுவும் இப்படியா வரவேண்டும்?

எனக்குச் சுருக்கென்றது. "போறேன்னு சொல்லாத. எத்தன தடவ சொல்லியிருக்கேன்? வாரேன்னு சொல்லு."

அவள் ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "போறேன்னு சொன்னேன், போறேன். நான் சொல்றத செய்வேன்ப்பா" என்றாள்.

அவளுக்குப் புரியவைத்துவிட வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. சவரிமுத்துவின் கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். தோணி, பட்டியல், அடிக்காத பெயர், பத்துப் பேரோடு ஆடிய ஆட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். நின்று கேட்டாள், அதுவரைக்கும் சந்தோஷம். கேட்டுவிட்டு, "அங்கேருந்து கிளம்பும்போது நீங்களும் வாரேன்னுதான் சொன்னீங்களா?" என்றாள்.

"ஆமா. எல்லாரும் கப்பல் ஜெட்டிக்கு வந்திருந்தாங்க. எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"அப்புறம் போகவே இல்ல?"

"இல்ல."

அவள் கதவைத் திறந்தாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அங்கயும் பஸ் இன்னும் நிக்குதாப்பா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. நான் மேஜைக்குத் திரும்பி வந்து சவரிமுத்துவுக்கு எழுத உட்கார்ந்தேன். 'என் பேரை அடித்துவிடு' என்று இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் அந்த வரியைத்தான் அடித்தேன்.